கழற்றிக் கழுவும் தட்டு: பியர் குழாயின் கீழே வைக்க, காரைக்குடியில் செய்துகொள்ள

தேவகோட்டைத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். அவர் குடியிருப்பது மெல்பர்னில். பழைய ஃபிரிட்ஜ் ஒன்றுக்குள் இரண்டு எஃகுப் பீப்பாய்களை வைத்து, அதன் தலையில் ஒரு தூண் நிறுத்தி, தூணில் இரண்டு பியர் குழாய்களைப் பொருத்தியிருக்கிறார். குழாய்களின் கீழே சொட்டு ஏந்த ஒரு தட்டு வேண்டும். அப்பச்சியின் (அப்பாவின்) மணிவிழாவுக்காக ஊருக்கு வந்திருக்கும் இந்த மூன்று வாரத்தில் அதை இங்கேயே செய்து எடுத்துப்போக ஆசைப்படுகிறார். பர்மாத் தேக்கில் சட்டம், நடுவில் ஆத்தங்குடிக் கல், கழிவு இறங்க ஒரு துளை. இதுதான் அவர் மனத்தில் இருக்கும் படம். கல் சரிப்படாவிட்டால் ஆத்தாவின் பித்தளைத் தாம்பாளத்தை வைக்கலாமா என்றும் கேட்கிறார்.

தேக்கு சரி. ஆத்தங்குடிக் கல் வேண்டாம். தாம்பாளம் வேண்டவே வேண்டாம். துளையும் உங்களுக்குத் தேவையில்லை. சிங்கப்பூரில் 14 ஆண்டுகள் மதுக்கூடங்களில் பியர் குழாய் பொருத்திக் கழுவிப் பராமரித்தேன்; இப்போது காரைக்குடியில் எவர்சில்வர் தகட்டு வேலை செய்கிறேன். அந்த அனுபவத்தை வைத்து ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்கிறேன்.

அதற்கு முன் இங்கே இருப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. ஆஸ்திரேலியாவில் சொந்த உபயோகத்துக்கு வீட்டில் பியர் காய்ச்சிக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி அது குற்றம். தட்டு செய்வதை இங்கே வைத்துக்கொள்ளுங்கள். காய்ச்சுவது அங்கேயே இருக்கட்டும்.

தட்டில் என்ன விழுகிறது என்று முதலில் பார்ப்போம். குழாயை மூடிய பிறகு அதன் மூக்கில் தங்கி விழும் நாலைந்து சொட்டு, கிளாஸ் நிரம்பி வழியும் நுரை, குளிர்ந்த குழாயின் மேல் காற்றின் ஈரம் படிந்து இறங்கும் தண்ணீர் ஆகிய மூன்றும் விழும். இவற்றில் நுரைதான் அதிகம். பீப்பாய் 3, 4 டிகிரி செல்சியஸில் இருந்தாலும், தூணுக்குள் நிற்கும் பியர் அறையின் சூட்டை வாங்கிக்கொள்கிறது. சூடேறிய பியருக்குக் கரியமில வாயுவைப் பிடித்துவைக்கும் சக்தி குறைவு. குழாயைத் திறந்ததும் அது பொங்கிக்கொண்டு வருகிறது. மாலையின் முதல் கிளாஸ் பாதிக்கு மேல் நுரையாக நிற்பது இதனால்தான். அந்த முதல் நுரையைத் தட்டிலேயே இறக்கிவிடும் பழக்கம் பலருக்கு உண்டு. நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். ஒரு பழைய கிளாஸில் பிடித்துத் தொட்டியில் கொட்டிவிடுங்கள்.

விழுந்தது வெறும் தண்ணீரானால் காய்ந்துபோகும். பியரில் நொதிக்காமல் மிஞ்சிய மாவுச்சர்க்கரை இருக்கிறது, புரதம் இருக்கிறது. தண்ணீர் ஆவியானதும் அது பாகு போல ஒட்டிக்கொள்கிறது. இரண்டு நாள் கவனிக்காமல் விட்டால் மதுச்சத்து காடியாக மாறத் தொடங்கும். அந்தக் காடி வாசனை பழ ஈக்களை வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தது போலக் கூட்டி வந்துவிடும். 25 டிகிரி சூட்டில் அந்த ஈ முட்டையிலிருந்து சிறகு முளைத்துப் பறப்பதற்கு ஏறக்குறைய பத்து நாள் போதும். பிறகு அது தட்டோடு நிற்காமல் குழாயின் வாய்க்கும் போய்விடும். மதுக்கூடங்களில் நான் அதிகம் பார்த்த சீர்கேடு இதுதான். பார்வைக்குத் தங்கம் போல மின்னும் தட்டு, அடியில் புளித்த வாடை. காரணம் கேட்டால், தட்டை மேசையோடு சேர்த்துப் பதித்திருப்பார்கள், கழற்றவே முடியாது.

ஆகவே இந்தத் தட்டை இரண்டாகப் பிரித்து யோசியுங்கள். கண்ணுக்குத் தெரியும் சட்டம் ஒன்று. அதற்குள் உட்கார்ந்து, ஒரு கையால் தூக்கித் தொட்டிக்குக் கொண்டுபோய்க் கவிழ்த்து, சோப்புப் போட்டுக் கழுவி உலர வைக்கக்கூடிய ஏனம் ஒன்று. செட்டிநாட்டு அழகையெல்லாம் சட்டத்தில் காட்டுங்கள். ஏனம் வெறும் ஏனமாக இருக்கட்டும்.

ஆத்தங்குடிக் கல்லை ஏன் மறுக்கிறேன்? அது சூளையில் சுட்ட கல் இல்லை, சிமெண்டுக் கல். கண்ணாடிமேல் சட்டத்தை வைத்து, வண்ணக் குழம்பைக் கையால் ஊற்றி, அதன்மேல் மணலும் சிமெண்டும் இட்டு அடைத்து, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கிறார்கள். கண்ணாடியின் முகம்தான் கல்லின் பளபளப்பாக வருகிறது. மேலே மெருகுப் பூச்சு எதுவும் கிடையாது. சிமெண்டு காரம், பியர் அமிலம், அதன் பிஎச் அளவு 4 முதல் 4.5 வரை இருக்கும். வளவு வீட்டில் புளித்தண்ணீர் சிந்திய இடத்தை உடனே துடைக்காவிட்டால் என்ன ஆகும் என்று உங்கள் ஆத்தாவைக் கேளுங்கள். சிங்கப்பூரில் ஒரு நண்பர் பிடிவாதமாகக் கேட்டதால், தேக்குச் சட்டத்தில் இந்தக் கல்லைப் பதித்து ஒரு தட்டு செய்துகொடுத்தேன். மூன்றாம் வாரம் போய்ப் பார்த்தபோது, குழாய்க்கு நேர் கீழே ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குச் சிவப்பு வெளுத்து, விரலால் தடவினால் உப்புத்தாள் போலச் சொரசொரத்தது. சுற்றிலும் இருந்த பூவேலை அப்படியே இருந்தது. ஒரு நல்ல கல்லைக் கெடுத்தோமே என்று எனக்கு இன்றும் வருத்தம் உண்டு. எண்ணெய் தேய்த்தாலும், காப்புப் பூச்சு அடித்தாலும் நாளைத் தள்ளிப்போடலாமே ஒழியத் தடுக்க முடியாது. தவிர, எட்டு அங்குலக் கல் ஒன்று கிட்டத்தட்ட இரண்டு கிலோ வரும். விமானத்தில் உங்கள் எடை அனுமதியில் அதுவும் ஒரு பங்கைத் தின்றுவிடும். ஆசை இருந்தால் இரண்டு கல் வாங்கிப்போய், சாரல் படாத சுவரில் பதித்துக்கொள்ளுங்கள்.

பித்தளையும் இதே கதைதான். மோரையோ ரசத்தையோ ஈயம் பூசாத பித்தளையில் ஊற்றி வைக்க மாட்டோம். பியரும் அந்த ஜாதிதான். பச்சைக் களிம்பு பிடிக்கும், தேய்க்கத் தேய்க்கக் கை நாறும். ஈயம் பூசினாலும் தினமும் தேய்த்துக் கழுவுகிற பாத்திரத்தில் அது எத்தனை நாள் நிற்கும்? தாம்பாளத்தை மணிவிழாவில் சீர் வைக்க எடுங்கள்.

மிஞ்சுவது எவர்சில்வர். இங்கே கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் கடைத்தெருவில் பலரும் ஏமாறுவது இதில்தான். நீங்கள் கேட்க வேண்டியது 304 தரம். அதில் ஏறக்குறைய 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கும். பாத்திரக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் 202 தரத்தில் நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்திருப்பார்கள். துருவைத் தாங்கும் சக்தி அதற்குக் குறைவு. "காந்தம் ஒட்டவில்லை பாருங்கள், அசல் 304" என்று சொல்வார்கள். நம்பாதீர்கள். 202 தகட்டிலும் காந்தம் ஒட்டாது. காந்தத்தால் கண்டுபிடிக்க முடிவது 430 போன்ற நிக்கல் இல்லாத வகையை மட்டும்தான். 304-ஐயும் 202-ஐயும் பிரித்தறிய, தகட்டின் மேல் ஒரு சொட்டு விட்டு நிறம் மாறுகிறதா என்று பார்க்கும் சோதனை மருந்து இருக்கிறது. தகடு விற்கும் கடையில் கேட்டால் கண்முன்னே போட்டுக் காட்டுவார்கள். காட்ட மறுத்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.

நல்ல தகடு வாங்கியும் துருப்பிடித்ததாகப் புலம்புகிறவர்கள் உண்டு. என்னிடமே ஒருவர் கொண்டுவந்தார். வேறொரு பட்டறையில் செய்த தட்டு, பத்து நாளில் ஓரமெல்லாம் செம்புள்ளி. தகடு அசல் 304-தான். இரும்புக் கதவு தேய்த்த அதே சக்கரத்தால் இதையும் தேய்த்திருக்கிறார்கள். சக்கரத்தில் ஒட்டியிருந்த இரும்புத் துகள் எவர்சில்வர் முகத்தில் பதிந்து, அதுதான் துருத்திருக்கிறது. பட்டறைக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், சக்கரமும் கம்பித் தூரிகையும் எவர்சில்வருக்கென்று தனியாக இருக்க வேண்டும் என்று. ஆர்கான் பற்றவைப்பு செய்தால், பற்றின் இரு பக்கமும் நீலமும் பழுப்புமாக ஒரு சாயம் ஏறும். அதையும் விடக் கூடாது. அந்தச் சாயத்துக்கு அடியில் குரோமியம் குறைந்திருக்கும், துரு முதலில் அங்கேதான் கண் திறக்கும். முழுவதும் தேய்த்து எடுத்துவிட்டு, எலுமிச்சை உப்பைச் சுடுநீரில் கரைத்து, லிட்டருக்கு 50 கிராம் கணக்கில், அரை மணி நேரம் ஊறவைத்துக் கழுவச் சொல்லுங்கள். உலோகத்தின் மேல் காப்புப் படலம் மறுபடி சீராக அமைய இது உதவும். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டிய சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) இருக்கிற ஊர் இது. உலோக அரிப்பை ஆராய்வது அந்த நிலையத்தின் முக்கிய வேலைகளில் ஒன்று. அந்த ஊரில் செய்த தட்டு துருப்பிடித்தது என்று நாளை யாரும் சொல்லக் கூடாது.

இனி அளவு. மெல்பர்ன் வீட்டில் இருப்பவர்களிடம் மூன்று அளவு எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்: இரண்டு குழாய் மூக்குகளுக்கும் இடையே உள்ள தூரம், தூணிலிருந்து மூக்கு முன்னே நீட்டிக்கொண்டிருக்கும் தூரம், மூக்கிலிருந்து ஃபிரிட்ஜ் தலை வரை உள்ள உயரம். உங்கள் ஊர்ப் பாட் கிளாஸ் 285 மி.லி., பைன்ட் 570 மி.லி. பைன்ட் கிளாஸைத் தட்டின் மேல் நிறுத்தினால் அதன் வாய்க்கும் குழாய் மூக்குக்கும் இடையே இரண்டு விரல் இடம் இருக்க வேண்டும். பிடிக்கும்போது கிளாஸைச் சாய்த்துப் பிடிப்பீர்கள், நுரை முன்பக்கம்தான் வழியும். அதனால் மூக்குக்குப் பின்னால் இருப்பதைவிட முன்னால் அதிக இடம் விடுங்கள். குழாய்களுக்கு இடையே 10 செ.மீ. இருந்தால், இரு பக்கமும் 10, 10 சேர்த்து 30 செ.மீ. நீளம், 14 செ.மீ. அகலம் என்று ஏனத்தை வைத்துக்கொள்ளலாம். ஆழம் 2.5 செ.மீ. பின்னால் சொல்லப்போகும் சாய்வு போக, இதில் ஏறக்குறைய 900 மி.லி. நிற்கும். ஒரு பைன்ட் கிளாஸ் முழுதாகக் கவிழ்ந்தாலும் ஃபிரிட்ஜ் தலைக்கு ஒரு சொட்டு போகாது. ஃபிரிட்ஜ் தலையில் தூணுக்காகப் போட்ட ஓட்டை இருக்கிறது என்பதை மறந்துவிடாதீர்கள்; அதன் வழியாகப் பியர் இறங்கினால் உள்ளிருக்கும் பஞ்சு ஊறி, வாடை எத்தனை கழுவினாலும் போகாது.

ஏனத்தைச் செய்ய இரண்டு வழி. 1.2 மி.மீ. தகடானால் மூலைகளை வெட்டி மடித்துப் பற்றவைக்க வேண்டும். எனக்குப் பிடித்தது இன்னொரு வழி. 0.6 மி.மீ. தகடு எடுத்து, மூலைகளை வெட்டாமலே மடிப்பது. தொன்னையை நினைத்துக்கொள்ளுங்கள். கோவிலில் பிரசாதம் வாங்கும் தொன்னையில் வெட்டு இல்லை, இலை மடிந்து நிற்கிறது, அதனால்தான் சூடான பாயசம் ஊற்றினாலும் ஒழுகுவதில்லை. தகட்டையும் அப்படியே, மூலையில் மிஞ்சும் முக்கோணத்தை வெளிப்பக்கமாக மடித்துப் பக்கச் சுவரோடு படிய வைத்தால் பற்றவைப்பே வேண்டாம், ஒழுக்கு என்ற பேச்சும் இல்லை. மேல் ஓரத்தில் கை கிழிக்காமல் இருக்க அரை சென்டிமீட்டர் உள்ளே மடித்துவிடுவதையும் கணக்கில் சேர்த்தால், 36 செ.மீ. நீளமும் 20 செ.மீ. அகலமும் உள்ள தகடு போதும். நான்கு மூலையில் ஒன்றை மட்டும் குழந்தைக்குப் பால் புகட்டும் பாலாடையின் வாய் போலக் கொஞ்சம் வெளியே இழுத்துவிடச் சொல்லுங்கள். தொட்டியில் ஊற்றும்போது பின்பக்கம் வழியாமல் அந்த மூக்கு வழியாக நூல் பிடித்தாற்போல இறங்கும்.

சட்டத்துக்குத் தேக்கு தேட, பழைய வீட்டுச் சாமான் கடைகள் இருக்கும் முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் போங்கள். உடைந்த நிலை, உத்தரம் என்று சின்னத் துண்டுகள் கிடைக்கும். முழுக் கதவை அறுக்க வேண்டாம், அதைக் கேட்கவே மனம் கூசுகிறது. வாங்கிய துண்டில் பழைய இரும்பு ஆணி புதைந்திருக்கிறதா என்று காந்தம் வைத்துத் தடவிப் பார்த்துவிட்டு ஆசாரியிடம் கொடுங்கள். ஒரு ஆணி போதும், அவருடைய இழைப்புளி அலகு போய்விடும். பலகை 15 மி.மீ. தடிமன், 45 மி.மீ. உயரம். உள்ளளவு ஏனத்தைவிட எல்லாப் பக்கமும் ஒரு நூலாவது (சுமார் 3 மி.மீ.) கூடுதலாக இருக்கட்டும், ஈரக் கையால் எடுக்கும்போது இறுகக் கூடாது. மூலைகளைச் சாய்வாக வெட்டி ஒட்டினால் பார்வைக்கு நன்றாக இருக்கும், ஆனால் மெல்பர்ன் குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் அறையில் மரம் காய்ந்து அந்த ஒட்டு வாய் திறக்கும். ஒன்றுக்குள் ஒன்று கோத்த மூலையாகக் கேளுங்கள். ஆளிவிதை எண்ணெய் மூன்று முறை, ஒவ்வொன்றும் நன்றாகக் காய்ந்த பிறகு அடுத்தது. எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவைத்து, பிறகு எறியுங்கள்.

சட்டத்தின் அடிப்பக்கம் திறந்தே இருக்கட்டும். இரண்டு நீளப் பலகைகளின் உள்முகத்தில் ஏனம் உட்கார ஒரு தாங்கு கட்டை. இந்தத் தாங்கு கட்டையில்தான் என் தொழிலின் சூட்சுமம் முழுவதும் இருக்கிறது. ஒரு முனையில் 12 மி.மீ., மறுமுனையில் 6 மி.மீ. என்று அதைச் சாய்வாகச் சீவச் சொல்லுங்கள். 30 செ.மீ.க்கு 6 மி.மீ. வாட்டம். உங்கள் வீட்டு முற்றத்தில் நடந்து பாருங்கள், சாய்வு காலுக்குத் தெரியாது. ஆனால் நாலு பக்கத்துத் தாழ்வாரத்திலிருந்தும் கொட்டுகிற மழைத் தண்ணீர் மூலைத் துவாரத்தைத் தேடித் தானாகப் போகும். பழைய கொத்தனார்கள் கொடுத்த வாட்டம் அது. இந்தத் தட்டுக்கும் அதே வேலைதான். ஏனத்தின் மூக்கு தாழ்ந்த முனையில் வரும்படி வைத்தால், விழுந்ததெல்லாம் அங்கே ஒதுங்கி, மற்ற இடம் உலர்ந்து கிடக்கும். மேலே வைக்கும் கம்பி வலை ஏனத்தின் மேல் உட்காராமல், சட்டத்தின் மேல் விளிம்பில் 5 மி.மீ. ஆழத்துக்கு எடுத்த படியில் உட்காரும். அதனால் ஏனம் சாய்ந்திருந்தாலும் கிளாஸ் நேராக நிற்கும்.

வலைக்கு 4 மி.மீ. எவர்சில்வர் கம்பிகளை நீளவாக்கில், இடையில் 6 மி.மீ. விட்டு அடுக்கி, அடியில் இரண்டு குறுக்குக் கம்பியில் பற்றவைப்பது போதும். கடையில் கிடைக்கும் துத்தநாகம் பூசிய வலை வேண்டாம், பியர் பட்டால் வெள்ளையாகப் பூக்கும். துளைத் தகடு வைப்பதானால் துளை 5 மி.மீ.க்குக் குறையக் கூடாது. சிறிய துளையில் நீர் படலமாக நின்றுவிடும், கிளாஸின் அடி எப்போதும் ஈரமாகவே இருக்கும். மதுரையிலும் திருச்சியிலும் லேசரில் வெட்டிக் கொடுக்கும் பட்டறைகள் உண்டு. கோலத்தையோ ஆத்தங்குடிப் பூவையோ வரைந்து கொடுத்தால் அப்படியே வெட்டித் தருவார்கள். கல்லுக்கு ஆசைப்பட்டீர்களே, அந்தப் பூவை இங்கே கொண்டுவாருங்கள்.

துளை ஏன் வேண்டாம்? துளை வைத்தால் அதற்குக் குழாய் வேண்டும். குழாயின் உள்ளே எப்போதும் கொஞ்சம் பியர் நிற்கும், அங்கே வழுவழுப்பு படரும், அதை உங்கள் கண் பார்க்காது. நாளுக்கு நூறு கிளாஸ் பிடிக்கும் கடையில் துளை இல்லாமல் முடியாது. அங்கே தினமும் வெந்நீர் ஊற்றி விட ஆள் இருக்கிறது. வாரத்துக்கு நாலைந்து கிளாஸ் பிடிக்கும் வீட்டில், எடுத்துக் கழுவும் ஏனமே மேல். கழுவக் குளோரின் கலந்த வெளுப்புத் திரவம் மட்டும் கூடாது, அது எவர்சில்வரைப் புள்ளி புள்ளியாக அரிக்கும். வெந்நீரும் பாத்திரச் சோப்பும் தாராளம்.

மணிவிழா அலைச்சலில் பட்டறைக்குப் போக நேரமே கிடைக்கவில்லை என்றால், தேக்குக்குச் சொன்ன அதே முனீஸ்வரன் கோவில் தெருவில் மங்குச் சாமான் கடைகளில் நீள்சதுர எனாமல் தட்டு தேடுங்கள். எனாமல் கண்ணாடிப் பூச்சு, பியரின் அமிலம் அதை ஒன்றும் செய்யாது. விளிம்பில் சில்லு பெயர்ந்து கறுத்திருந்தால் வாங்காதீர்கள், அந்த இடத்தில் துரு உள்ளே ஓடும். அதில் துளை போடவும் முயலாதீர்கள், பூச்சு நட்சத்திரமாகத் தெறிக்கும்.

எடுத்துப் போகும்போது, ஆஸ்திரேலியாவில் இறங்கியதும் நிரப்பும் பயணிகள் அட்டையில் மரச்சாமான் இருப்பதைக் குறிப்பிட்டே ஆக வேண்டும். பட்டை ஒட்டியிருக்கக் கூடாது, பூச்சித் துளை இருக்கக் கூடாது. அதனால் தேக்கின் வெளிர்நிற ஓரப் பகுதியை ஆசாரியிடம் சொல்லிக் கழித்துவிடுங்கள், வண்டு துளைப்பது அங்கேதான். பெட்டியில் மேலாக வையுங்கள், அதிகாரி கேட்டால் உடனே எடுத்துக் காட்டலாம்.

கட்டுவதற்கு முன் ஒரு சோதனை. சட்டத்தைத் திண்ணையில் மட்டம் பார்த்து வைத்து, ஏனத்தையும் வலையையும் பொருத்தி, இரண்டு மேசைக்கரண்டித் தண்ணீரைக் குழாய் மூக்கு வரும் இடத்தில் மெதுவாக ஊற்றுங்கள். வலையை எடுத்துப் பாருங்கள். தண்ணீர் முழுவதும் ஏனத்தின் மூக்கு இருக்கும் முனைக்கு வந்து ஒதுங்கியிருக்க வேண்டும். நடுவில் எங்காவது ஒரு குட்டை தேங்கி நின்றால், தகடு அங்கே குழிந்திருக்கிறது என்று பொருள். பட்டறைக்குத் திருப்பிக் கொண்டுபோய், மரச் சுத்தியலால் அடியிலிருந்து தட்டி நிமிர்த்தித் தரச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலைதான், அதற்குத் தனிக் கூலி கேட்க மாட்டார்கள்.